கிற்றாருக்குச் சோடிப் பிக்கப்: நெக்கும் பிரிட்ஜும் ஒத்துப்போகத் தெரிவு செய்வது எப்படி

திருவிழா மேடையில் பாட்டு நடந்துகொண்டிருக்கிறது. சரணம் முழுக்க நெக் பிக்கப்பில் மெல்ல அள்ளி வாசித்த கிற்றார்காரர், இடையிசை வந்ததும் சுவிச்சைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளுகிறார். (பிக்கப் என்பது தந்தியின் ஆட்டத்தை மின்சைகையாக்கும், காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பாகம். கழுத்துப் பக்கம் இருப்பது நெக், தந்தி உடலில் தாங்கி நிற்கும் பக்கம் இருப்பது பிரிட்ஜ்.) முன்னுக்கு வரவேண்டிய கிற்றார் பின்னுக்குப் போய்விடுகிறது. சத்தம் பாதியாகி, தகரத்தில் தட்டியது போல ஒலிக்கிறது. மிக்ஸரில் இருப்பவர் அந்தப் பக்கத்தை ஏற்ற, அடுத்த சரணத்தில் நெக்குக்குத் திரும்பியதும் சத்தம் காதை அடைக்கிறது. இதில் வாசிப்பவரிடமும் பிழையில்லை, மிக்ஸர்காரரிடமும் பிழையில்லை. கிற்றாரில் இருக்கும் இரண்டு பிக்கப்பும் சோடி சேரவில்லை, அவ்வளவுதான்.

பிக்கப் வாங்கும்போது அநேகமானோர் பார்ப்பது ஒவ்வொன்றும் தனித்தனியே எவ்வளவு நல்லது என்பதைத்தான். பார்க்கவேண்டியது வேறு: பாட்டின் நடுவில் சுவிச்சை மாற்றும்போது சத்தம் ஒரே அளவில் நின்று, குரல் மட்டும் மாறவேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றைப் பற்றியதே.

ஒரே பிக்கப் இரண்டு இடத்தில் ஏன் வேறாய் ஒலிக்கிறது

மீட்டிய தந்தி பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மிகச் சிறிதாகவே ஆடும். நடுப்பகுதியை நோக்கிப் போகப் போக அலைவு பெரிதாகும். நெக் பிக்கப்பின் மேலே தந்தி அகலமாக ஆடுவதால் சத்தமும் கூட, அடித்தொனியும் கூட. பிரிட்ஜ் பிக்கப்புக்குக் கிடைப்பது சின்ன அலைவு. அதில் மேல்சுரங்களின் பங்கு அதிகம். ஆகவே ஒரே அளவு சுற்றிய இரண்டு பிக்கப்பை இரண்டு இடத்திலும் ஒரே உயரத்தில் பூட்டினால் நெக் எப்போதும் வெல்லும். செய்பவர்கள் பிரிட்ஜ் பிக்கப்புக்குக் கூடுதலாகக் கம்பி சுற்றுவதும், அதைத் தந்திக்குக் கிட்ட வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

24 ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உள்ள கிற்றாரில் கணக்குச் சற்று மாறும். 648 மில்லிமீற்றர் தந்தி நீளத்தில் 22-ஆம் ஃப்ரெட் பிரிட்ஜிலிருந்து 182 மில்லிமீற்றர் அளவிலும், 24-ஆம் ஃப்ரெட் 162 மில்லிமீற்றரிலும் இருக்கும். அந்த 20 மில்லிமீற்றர் அளவுக்கு நெக் பிக்கப் பிரிட்ஜை நோக்கித் தள்ளப்பட்டுவிடுகிறது. அதனால் 24 ஃப்ரெட் கிற்றாரின் நெக் கொஞ்சம் மெலிந்து கூர்மையாக ஒலிக்கும். அங்கே சற்றுத் தடித்த குரலுள்ள பிக்கப்பைத் தெரிவு செய்யலாம். 22 ஃப்ரெட் கிற்றாரில் அதே பிக்கப் குழம்பிய ஒலியைத் தரும்.

வாங்கும் முன்னர் உயரத்தைச் சரிசெய்யுங்கள்

பிக்கப் மாற்றவேண்டும் என்று கொண்டுவரப்படும் கிற்றார்கள் பலவற்றுக்கு வேண்டியது ஒரு ஸ்குரூ டிரைவரும் அரை மில்லிமீற்றர் கோடு போட்ட உருக்கு அடிமட்டமும்தான். பெட்டியிலிருந்து எடுத்த நாள் தொட்டு எவரும் அந்த உயரத்தைத் தொட்டிருக்கமாட்டார்கள்.

முதலில் புதுத் தந்தி போட்டுச் சுருதி சேருங்கள். பழைய தந்தியில் எடுத்த அளவு பயன்படாது. கடைசி ஃப்ரெட்டில் தடித்த ஈ தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் துருவத்தின் (தந்திக்குக் கீழே நிற்கும் காந்தக் கோல் அல்லது திருகாணி) தலைக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்கவேண்டும். மெல்லிய ஈ தந்திக்கும் அப்படியே. ஹம்பக்கர் (இரைச்சலை அழிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) என்றால் பிரிட்ஜில் 1.6 மில்லிமீற்றர், நெக்கில் 2.4 மில்லிமீற்றர் நல்ல தொடக்கம். பழைய பாணி ஸ்ட்ராட்டின் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) சிங்கிள் கொயிலுக்கு, அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு, தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2.0 மில்லிமீற்றர். பெரும்பாலான கிற்றார்களில் பக்கத்துத் திருகாணியை வலஞ்சுழியாகத் திருப்பப் பிக்கப் ஏறும். ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் போகவேண்டாம்.

பிரிட்ஜை முதலில் வையுங்கள். சத்தம் குறைந்த பக்கம் அதுதான், ஏற்றி இறக்க இடமும் அதற்குத்தான் குறைவு. அதன் ஒலி பிடித்துவிட்டால் இனி அதைத் தொடாமல், நெக்கை மட்டும் இறக்கிக்கொண்டு வந்து சமப்படுத்தவேண்டும். காதை மட்டும் நம்பினால் பிசகும்: தடித்த ஒலியைக் காது கூடுதல் சத்தமென்றே எடுத்துக்கொள்ளும். கணினியில் ஓடியோ இன்ரபேஸ் இருந்தால் அதில், இல்லாவிட்டால் தொலைபேசியை அம்பிளிஃபயரின் முன்னால் ஒரே இடத்தில் வைத்து, அளவு காட்டும் பதிவுச் செயலியில் பாருங்கள். விலகல் (டிஸ்டோர்ஷன்) எதுவும் போடாத சுத்தமான ஒலியில், ஆறு தந்தியையும் ஒரே விசையில் ஐந்தாறு தடவை மேலிருந்து கீழே அடித்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 2 டெசிபலுக்குள் வந்தால் போதும். 6 டெசிபல் என்றால் வோல்டேஜ் இருமடங்கு. அவ்வளவு வித்தியாசத்தை மேடையில் எவராலும் சமாளிக்க முடியாது.

காந்தத்தை அளவுக்கு மிஞ்சித் தந்திக்குக் கிட்டக் கொண்டுவந்தால் வேறொரு கோளாறு தொடங்கும். தடித்த தந்தியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரே சுரத்துக்குள் இரண்டு சுருதி சண்டைபிடிப்பது போல அலையும். சுருதி சேர்க்கும் கருவி ஒரு நிலையில் நிற்காது. காந்தம் தந்தியை இழுப்பதன் வேலை இது. காந்தக் கோல்களே துருவமாக இருக்கும் ஸ்ட்ராட் வகைப் பிக்கப்பை நெக்கில் உயர்த்தினால் இது மிக மோசமாக வரும். இன்ரொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) பிழை என்று நினைத்துப் பிரிட்ஜில் தந்தி அமரும் சேணங்களை நாள்முழுக்கத் திருகுகிறவர்கள் முதலில் நெக் பிக்கப்பை ஒரு மில்லிமீற்றர் இறக்கிப் பார்க்கட்டும்.

பிரிட்ஜை 1.5 வரை ஏற்றியும் நெக்கை 4 மில்லிமீற்றர் வரை இறக்கியும் சமப்படவில்லை என்றால்தான் புதிதாய் வாங்கும் கதைக்குப் போகவேண்டும்.

இருப்பதை அளந்து எழுதிவையுங்கள்

யாழ்ப்பாணத்தில் பலருக்குப் பிக்கப் வருவது கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வரும் சொந்தக்காரரின் பெட்டியில்தான். வந்த சாமான் பொருந்தாவிட்டால் திருப்பியனுப்பி மாற்றியெடுக்க வழியில்லை. ஆகவே சொல்லியனுப்பும் முன் கிற்றாரைக் கழற்றி அளப்பது கட்டாயம்.

தடையை அளக்கக் கிற்றாரைத் திறக்கவே தேவையில்லை. ஜக்கில் கேபிளைச் செருகி, வோல்யூமை முழுதாகத் திறந்து, மல்டிமீற்றரை 20 கிலோஓம் அளவில் வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடம்புக்கும் பிடியுங்கள். சுவிச் நெக்கில் ஒரு வாசிப்பு, பிரிட்ஜில் ஒரு வாசிப்பு. வோல்யூம் பொட் (பிடிக்குக் கீழே இருக்கும் மாறுந்தடை) பக்கத்தில் சமாந்தரமாக இருப்பதால் மீற்றர் உண்மையைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும்: 8.2 கிலோஓம் பிக்கப் 500 கிலோஓம் பொட்டோடு சேர்ந்து 8.07 என்று வரும். சுவிச் நடுவில் இருக்கும்போது இரண்டும் சமாந்தரமாகச் சேர்ந்து 4-ஐ ஒட்டி ஏதாவது வரவேண்டும். ஒன்றும் காட்டாமல் மீற்றர் திறந்த நிலையில் நின்றால் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது ஈயம் விட்டிருக்கிறது.

அடுத்தது துருவ இடைவெளி. முதலாம் துருவத்தின் மையத்திலிருந்து ஆறாம் துருவத்தின் மையம் வரை அளக்கவேண்டும். ஹம்பக்கர்களில் பொதுவாக இரண்டு அளவுகள் உண்டு: 49 மில்லிமீற்றரை ஒட்டிய பழைய அளவு, 51 முதல் 52 வரையிலான அகல அளவு. ஃபெண்டர் பாணி ட்ரெமொலோ (கைப்பிடியால் சுருதியை அசைக்கும்) பிரிட்ஜுள்ள கிற்றாரில் தந்திகள் அகலமாக நிற்கும். அங்கே பிரிட்ஜுக்கு அகல அளவு வேண்டும். நெக்கில் தந்திகள் ஒன்றையொன்று நெருங்கிவிடுவதால் 49 போதும். பிக்கப்பின் அளவைப் பார்த்து முடிவெடுக்காமல், பிக்கப் இருக்கும் இடத்துக்கு மேலே ஈ தந்தியிலிருந்து ஈ தந்தி வரையான தூரத்தை அளந்து எழுதுங்கள். நுனித் தந்தி துருவத்தின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீற்றர் விலகினால் பெரிதாய் ஒன்றும் கெட்டுவிடாது. அதற்கு மேல் போனால் அந்தத் தந்தி மட்டும் மெலிந்து கேட்கும், தந்தியை வளைக்கும்போது சத்தம் இறங்கும்.

கடைசியாகக் குழியின் ஆழம். சில பிக்கப்பின் கால்கள் நீளமானவை. ஆழமில்லாத குழியில் அவை அடியில் முட்டி நின்றுவிடும், பிறகு பிக்கப் இறங்காது. பெட்டியில் வரும் திருகாணியையும் சுருள்வில்லையும் எறிந்துவிடாமல் அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்கப் பிக்கப்பின் காலில் அங்குல மரை இருக்கும். ஆசியக் கிற்றார்களின் பழைய திருகாணி மெட்ரிக் மரை. ஒன்றை மற்றதற்குள் திணித்தால் மரை சவண்டுபோகும்.

கிலோஓமை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள்

விற்பனைப் பக்கங்களில் பெரிதாய் எழுதியிருப்பது நேரோட்டத் தடை. 16 கிலோஓம் என்றால் 8 கிலோஓமைவிட இருமடங்கு பலம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. தடை சொல்வது கம்பியின் நீளத்தையும் தடிப்பையும் சேர்த்துத்தான். 42-ஆம் இலக்கக் கம்பியின் தடிப்பு ஏறக்குறைய 0.063 மில்லிமீற்றர், 44-ஆம் இலக்கக் கம்பி 0.050. ஒரே எண்ணிக்கைச் சுற்றை மெல்லிய கம்பியில் சுற்றினாலே தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். சத்தம் அந்த அளவுக்கு ஏறாது.

இதற்கு நல்ல சாட்சி சீமோர் டங்கனின் ஜே.பி.–ஜாஸ் சோடி. பிரிட்ஜில் வரும் ஜே.பி. 16 கிலோஓமைத் தாண்டும். நெக்கில் வரும் ஜாஸ் 8-க்குச் சற்றுக் கீழே. எண்ணைப் பார்த்தால் பொருந்தாத சோடி. ஆனால் ஜே.பி. 44-ஆம் இலக்கக் கம்பியில் சுற்றப்பட்டது. உயரத்தைச் சரியாக வைத்தால் இரண்டும் நன்றாகவே சேர்ந்து நிற்கும். மறுபக்கம், அதே நிறுவனத்தின் ஃபிஃப்டி நைன் வகையில் நெக் 7.5 அளவிலும் பிரிட்ஜ் 8.1 அளவிலும் இருக்கும். அரைக் கிலோஓம் வித்தியாசம்தான், அதுவும் சோடிதான். ஒரே கம்பி, ஒரே காந்தம், ஒரே அமைப்பு என்றால் மட்டும் தடையை ஒப்பிடலாம்: பிரிட்ஜ் நெக்கைவிட 0.5 முதல் 1 கிலோஓம் வரை கூட இருந்தால் பழைய பாணி ஹம்பக்கருக்கு அது சரியான சோடி.

நமது வெக்கையும் கணக்கில் வரும். செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 20 பாகையில் 8.0 கிலோஓம் காட்டிய பிக்கப் நம் வீட்டில் 32 பாகையில் 8.37 காட்டும். பெட்டியில் எழுதிய எண்ணுக்கும் உங்கள் மீற்றருக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் போலிச் சாமான் என்று பதற வேண்டாம். இரண்டு பிக்கப்பையும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் வைத்து அளந்தால் ஒப்பீடு பிழைக்காது.

தடையைவிட நன்றாகப் பேசும் எண் தூண்டல், ஹென்றியில் சொல்லப்படுவது. பழைய ஸ்ட்ராட் பிக்கப் 2.2 முதல் 2.8 ஹென்றி வரை, பழைய பாணி ஹம்பக்கர் 4 முதல் 4.5 வரை, பலமாகச் சுற்றிய பிரிட்ஜ் ஹம்பக்கர் 8 ஹென்றியைச் சுற்றி இருக்கும். தூண்டலை அளக்கும் எல்.சி.ஆர். மீற்றர் வைத்திருக்கும் இலத்திரனியல் திருத்துநரிடம் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல: பிக்கப்பின் தூண்டலும் கேபிளின் கொள்ளளவமும் சேர்ந்து ஓரிடத்தில் பரிவுறும். அந்த இடம்தான் பிக்கப்பின் கூர்மை. ஒரு மீற்றர் கேபிளுக்கு 100 பிக்கோஃபரட் என்று வைத்தால் 5 மீற்றர் கேபிளில் 500. அதனோடு 2.4 ஹென்றி பிக்கப் 4600 ஹேர்ட்ஸ் அளவிலும், 4.4 ஹென்றி 3400 அளவிலும், 8 ஹென்றி 2500 அளவிலும் பரிவுறும். பெரிய மேடைக்கென்று 10 மீற்றர் கேபிளைப் போட்டால் 4.4 ஹென்றி பிக்கப்பும் 2400-க்கு இறங்கி, பலமான பிக்கப் போல மந்தமாகும். நெக் பிக்கப் குழம்புகிறது என்று குறைப்படுபவர்கள் புதுப் பிக்கப்புக்கு முன்னர் ஐந்து மீற்றர் கேபிளை மாட்டிப் பார்க்கவேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து தெரிவுக்கான விதி தானாகவே வரும்: நெக்குக்குத் தூண்டல் குறைந்தது, பிரிட்ஜுக்குக் கூடியது. நெக்கில் தந்தி தருவதே தடித்த ஒலி. அதைத் தெளிவாக வாங்க மெல்லிய சுற்று வேண்டும். பிரிட்ஜில் தந்தி தருவது மெலிந்த ஒலி. அதற்குச் சதை போட அதிகச் சுற்று வேண்டும்.

எந்தச் சோடி எவருக்கு

முடிவெடுக்கச் சிரமமாக இருந்தால் ஒரே நிறுவனம் சோடியாகவே விற்பதை வாங்குங்கள். பெட்டியிலேயே நெக் என்றும் பிரிட்ஜ் என்றும் குறித்திருக்கும். சத்தம், கட்டம் (இரண்டு பிக்கப்பும் ஒரே திசையில் தள்ளுவது), துருவ இடைவெளி மூன்றும் ஏற்கெனவே பார்த்துச் செய்தவை. சினிமாப் பாட்டு, தேவாலயப் பாடல், கொஞ்சம் பைலா என்று எல்லாம் கலந்து வாசிக்கும் குழுவில் இருப்பவருக்கு 7.5-க்கும் 8.2-க்கும் இடைப்பட்ட அல்னிக்கோ ஹம்பக்கர் சோடியைவிட நல்லது கிடையாது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த காந்தம்தான் அல்னிக்கோ. அதில் 5-ஆம் இலக்கம் இறுக்கமான அடித்தொனி, தெளிந்த மேல்தொனி; 2-ஆம் இலக்கம் மென்மை.

கன இசை வாசிப்பவர் பிரிட்ஜில் செராமிக் காந்தமுள்ள பலமான பிக்கப் கேட்பார். டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டோர்ஷன் 13, 14 கிலோஓம் எல்லையில் நிற்கும் செராமிக் பிக்கப். அதற்குத் துணையாக 7 கிலோஓமைத் தொடும் மெல்லிய நெக்கைப் போட்டால் நெக்கைத் தந்தி தொடும்வரை ஏற்றினாலும் சத்தம் போதாமல் போகும். நெக்கும் ஒரு படி பலமாக, 8 முதல் 9.5 வரை, அல்னிக்கோ 5-இல் இருக்கட்டும். செராமிக் பிரிட்ஜுக்கு அல்னிக்கோ நெக் சேராது என்று சிலர் சொல்வார்கள், நன்றாகவே சேரும். ஈ.எம்.ஜி.யின் 81–85 சோடியே அப்படித்தான்: 81 செராமிக், 85 அல்னிக்கோ.

ஆனால் ஈ.எம்.ஜி. போன்ற பற்றரிப் பிக்கப்பையும் சாதாரணப் பிக்கப்பையும் ஒரே கிற்றாரில் கலக்கவேண்டாம். பற்றரிப் பிக்கப்புக்கு 25 கிலோஓம் பொட் வேண்டும். அந்தப் பொட்டில் சாதாரணப் பிக்கப்பின் கூர்மை முழுவதும் செத்துவிடும். மறுவளமாக 500 கிலோஓம் பொட்டில் பற்றரிப் பிக்கப்பை வைத்தால் வோல்யூம் பிடி சுவிச் போலத்தான் வேலைசெய்யும். இரண்டையும் இணக்க வழி இருக்கிறது, ஆனால் அது அனுபவமுள்ளவர் பெட்டிக்குள் தனிச் சுற்று வைத்துச் செய்யும் வேலை.

நெக்கிலும் நடுவிலும் சிங்கிள் கொயில், பிரிட்ஜில் ஹம்பக்கர் என்ற அமைப்புத்தான் நம் பக்கத்துக் குழுக்களுக்கு மிக உதவும், பிழைவிடுவதும் இதில்தான் அதிகம். 6 கிலோஓம் நெக் சிங்கிளுக்கு எதிரே 16 கிலோஓம் பிரிட்ஜைப் பூட்டிவிட்டு, நெக் கேட்கவில்லை என்பார்கள். இங்கே நெக்கில் 6 முதல் 6.8 வரை, பிரிட்ஜில் 8 முதல் 9 வரையான மிதமான ஹம்பக்கர். ஒலியில் இரண்டு குணம் வரும், சத்தத்தில் ஒரு அளவு நிற்கும்.

வெவ்வேறு நிறுவனப் பிக்கப்பைச் சோடி சேர்க்கும்போது

இங்கேதான் கட்டம் என்ற பூதம் வரும். தனித்தனியே இரண்டும் நன்றாக ஒலிக்கும். சுவிச்சை நடுவில் வைத்ததும் அடித்தொனி காணாமல் போய், மூக்கால் பேசுவது போல மெலிந்துவிடும். இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராகத் தள்ளுகின்றன என்பது அதன் பொருள். தடையை அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எதிர்க்கட்டத்திலும் மீற்றர் அதே எண்ணைத்தான் காட்டும்.

பூட்டும் முன்னரே சோதிக்கலாம். மல்டிமீற்றரைத் தானாக மாறாத 20 கிலோஓம் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பிக்கப்பின் சூடான (சைகை வரும்) வயரிலும் கறுப்பு முனையை எர்த் வயரிலும் பிடியுங்கள். எண் நிலையாய் நின்றதும் இரும்பு ஸ்குரூ டிரைவரைத் துருவத்தின் மேல் மெதுவாக வைத்து, வெடுக்கென்று மேலே இழுங்கள். இழுக்கும் கணத்தில் எண் ஏறிப் பின் திரும்புகிறதா, இறங்கித் திரும்புகிறதா என்று குறியுங்கள். மற்றப் பிக்கப்பிலும் அதேபோல் செய்யுங்கள். இரண்டும் ஒரே பக்கம் போனால் கட்டம் சரி. எதிர்ப்பக்கம் போனால் ஒன்றில் சூடான வயரையும் எர்த் வயரையும் மாற்றிப் பூட்டவேண்டும். ரேடியோ திருத்தும் பழைய கடைகளில் முள்ளுள்ள மீற்றர் இருந்தால் இன்னும் நல்லது. மிகக் குறைந்த நேரோட்ட வோல்டேஜ் அளவில் முள் துள்ளும் பக்கத்தைக் கண்ணாலேயே காணலாம்.

மாற்றிப் பூட்டுவதற்கு எல்லாப் பிக்கப்பும் சரிவராது. பின்னிய உலோக உறைக்குள் ஒரே ஒரு வயர் வரும் பழைய பாணிப் பிக்கப்பில் அந்த உறையே எர்த். அதை மாற்றினால் பிக்கப்பின் உலோக மூடி முழுவதும் சூடான பக்கமாகி, கை பட்டதும் இரையும். நான்கு வயரும் ஒரு வெற்று வயரும் வரும் பிக்கப்பைத்தான் மாற்றவேண்டும். வெற்று வயர் எப்போதும் எர்த்திலேயே இருக்கட்டும். ரெலிகாஸ்டர் (ஃபெண்டரின் இன்னொரு கிற்றார் வகை) நெக்கிலும் அதே சிக்கல் உண்டு. அதன் மூடி எர்த் வயரோடு சிறு துண்டுக் கம்பியால் இணைந்திருக்கும். அதை வெட்டி, மூடிக்குத் தனி எர்த் வயர் போட்டபின்தான் மாற்றலாம்.

வயர் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. டங்கனில் கறுப்பு சூடானது, சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று சேரும், பச்சையும் வெற்று வயரும் எர்த். டிமார்சியோவில் சிவப்பு சூடானது, கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சையும் வெற்று வயரும் எர்த். கறுப்பு என்றால் எர்த் என்று கார் வயரிங் பழக்கத்தில் பூட்டுகிறவர்கள் டங்கனில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிங்கிள் கொயில் இரண்டைச் சோடி சேர்க்கும்போது இன்னொன்றும் பார்க்கவேண்டும்: காந்த முனை. ஒன்றின் காந்தம் மேல்நோக்கி வடக்கு, மற்றது தெற்கு, சுற்றும் எதிர்த்திசை என்றால் நடு நிலையில் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். இரண்டும் ஒரே முனை என்றால் கட்டம் சரியாக இருந்தும் இரைச்சல் நிற்கும். பாடசாலைத் திசைகாட்டி ஒன்றைத் துருவத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் முள்ளின் எந்த நுனி இழுபடுகிறது என்று தெரியும். தொலைபேசியை இதற்குப் பயன்படுத்தவேண்டாம். ஸ்ட்ராட்டில் வழமையாக நெக்கும் பிரிட்ஜும் ஒரே முனை, நடு மட்டும் எதிர்முனை.

நம் மேடைகளில் இந்த இரைச்சல் சின்ன விடயமல்ல. ஜெனரேற்றர், மங்கிப் பிரகாசிக்கும் விளக்கு, பெரிய திரை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமல் சிங்கிள் கொயிலில் நேராக ஏறும். திறந்தவெளிக் கச்சேரிதான் அதிகம் என்றால் ஹம்பக்கரோ, எதிர்முனைச் சிங்கிள் சோடியோதான் நல்லது. உறுமலைக் குறைக்க அம்பிளிஃபயர் பிளக்கின் எர்த் காலைக் கழற்றிவிடும் பழக்கம் உயிருக்கே ஆபத்து. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

பொட், கொள்ளளவி, ஈயம்

ஹம்பக்கருக்கு 500 கிலோஓம், சிங்கிள் கொயிலுக்கு 250. பொட்டில் எழுதிய எண்ணை நம்பவேண்டாம், 20 சதவீதம் ஏறி இறங்கும்: 500 என்று எழுதியது 400-ஆகவும் இருக்கலாம், 600-ஆகவும் இருக்கலாம். கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கினாலும் இங்கே வாங்கினாலும் மீற்றரைக் கையோடு கொண்டுபோய், கூடிய எண் காட்டுவதைப் பிரிட்ஜுக்கன்றி நெக்குக்குப் போடுங்கள். தனித்தனி வோல்யூம் உள்ள கிற்றாரில் நெக்கின் தெளிவு இதனால் கூடும். வோல்யூமுக்கு ஏ என்று தொடங்கும் பொட் வாங்கவேண்டும். பி என்று தொடங்குவது நேர்கோட்டு வகை, அதில் சத்தம் பிடியின் ஒரு மூலையில் சட்டென்று விழும். டோன் கொள்ளளவி ஹம்பக்கருக்கு 0.022 மைக்ரோஃபரட், உடம்பில் 223 என்று இருக்கும். சிங்கிளுக்கு 0.047, அதாவது 473.

ஹம்பக்கரும் சிங்கிளும் ஒரே வோல்யூமைப் பங்கிடும்போது பொட்டை 500-ஆக வைத்து, ஒவ்வொரு சிங்கிளின் சூடான முனைக்கும் எர்த்துக்கும் இடையே 470 கிலோஓம் தடை ஒன்றை ஒட்டுங்கள். இரண்டும் சமாந்தரமாக 242 கிலோஓம் ஆகும். சிங்கிள் கீச்சிடாது, ஹம்பக்கரும் மந்தமாகாது. சில ரூபாய் சாமான், சோடிப் பொருத்தத்தில் பெரிய வித்தியாசம் செய்யும்.

ஈயம் பிடிக்க 40 வாற்று இரும்பு, 60க்கு 40 ஈயம். பொட்டின் முதுகை முதலில் சுரண்டி, ஈயம் பூசி, பிறகு வயரை வைத்து மூன்று நான்கு வினாடியில் எடுக்கவேண்டும். 25 வாற்று இரும்பால் அரை நிமிடம் சூடாக்கினால் உள்ளே இருக்கும் தடம் வெந்துபோகும். பழைய இணைப்புகளைக் கழற்றும் முன் தொலைபேசியில் நாலைந்து படம் எடுங்கள். பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் வயரை மறந்துவிடாதீர்கள். அது விடுபட்டால் எந்தப் பிக்கப்பும் இரையும்.

மூடும் முன்னர் சோதனை. கேபிளை மாட்டி, ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு துருவத்தையும் தொட்டுப் பாருங்கள். ஹம்பக்கரின் இரு வரிசையும் ஒரே சத்தத்தில் டொக் என்று கேட்கவேண்டும். ஒரு வரிசை மட்டும் பேசினால் சேரவேண்டிய இரண்டு வயர் எங்கோ எர்த்தில் பட்டிருக்கிறது. தந்தியில் கை வைத்ததும் இரைச்சல் குறைந்தால் சரி, கூடினால் ஜக்கில் இரண்டு வயரும் மாறியிருக்கின்றன.

உப்புக் காற்று

குருநகர், பாஷையூர், பருத்தித்துறை போலக் கடலோடு ஒட்டிய இடங்களில் துருவத் திருகாணிகள் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும். துரு தலையை மூடினால் பிறகு உயரம் திருத்தமுடியாது. உள்ளே இருக்கும் கம்பி மயிரைவிட மெல்லியது. வியர்வையும் உப்பும் இறங்கிய இடத்தில் பச்சை பிடித்து அறுந்துவிடும். கரையோரத்தில் இருப்பவர் உலோக மூடியுள்ள, மெழுகில் தோய்த்த பிக்கப்பையே தெரிவு செய்யட்டும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் பிக்கப்பின் மேலையும் துடைக்கவேண்டும்.

சோடி பூட்டி இரண்டு கிழமை கழிய, தந்தி மாற்றும் அன்று உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள். சுருள்வில் தளர்ந்து நெக்கின் தடித்த பக்கம் கால் மில்லிமீற்றர் இறங்கியிருக்கலாம். கழற்றிய பழைய பிக்கப்பின் வாலில் அதன் கிலோஓம், துருவ இடைவெளி, சோதனையில் எண் ஏறியதா இறங்கியதா என்பவற்றை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு பிக்கப்பையும் காந்தம் நேருக்கு நேர் படாமல் தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள்.